வாயில் சாவி வைத்த குருவி

சித்தி காய்ச்சலில் குப்புறக் கிடந்தபோதுதான் அக்கா மகள் அவளுடைய முதுகைத் திருடினாள்.

திருட்டு என்று சொன்னால் அந்தப் பெண் சண்டைக்கு வருவாள். ஈரத்துணியால் துடைத்துவிடத்தான் வந்தாளாம். இடது தோள்பட்டைக்குக் கீழே குத்தியிருந்த பச்சையைப் பார்த்ததும் கை நின்றுவிட்டதாம். போய் மெல்லிய தாளும் பேனாவும் எடுத்து வந்து, முதுகின் மேல் தாளைப் பரப்பி, கோடு கோடாக நகல் எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் மிச்ச முதுகைத் துடைத்தாளாம். இதையெல்லாம் அவளே வாய் நிறையச் சொன்னாள், ஏதோ நல்ல காரியம் செய்தவள் மாதிரி.

அந்த வீட்டில் மூன்று பேர். அக்கா, அவளுடைய ஒரே மகள், அக்காவின் கூடப்பிறந்த தங்கை. மகளை வீட்டில் பாப்பா என்பார்கள், முப்பதைத் தாண்டியும் பாப்பாதான். அவளுக்குச் சித்தி என்பதால் தங்கைக்காரி ஊருக்கே சித்தியாகிவிட்டாள். பால் ஊற்றுகிறவன், மாடிவீட்டுக்காரர், பாப்பாவின் கடைக்கு வருகிற வாடிக்கையாளர்கள், எல்லோருக்கும் அவள் சித்தி. அக்காவின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த மறுமாதம் ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தவள். அதற்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருந்தாள். அதற்கும் முன்னால் எங்கே இருந்தாள் என்று யாராவது கேட்டால், அக்கா முந்திக்கொண்டு, "மீன் டப்பா அடைக்கிற கம்பெனியில, வெளியூர்ல" என்பாள். சித்தி தலையை ஆட்டுவாள்.

வந்த நாளிலிருந்து சமையல் அவளுடையது. துணி, பாத்திரம், அக்காவின் சர்க்கரை மாத்திரை, எல்லாம் அவளுடையது. "என் தங்கச்சி இல்லைன்னா எனக்குக் கையே இல்லை" என்று அக்கா விருந்தாளிகளிடம் சொல்லிப் பூரிப்பாள். கை என்றால் வாயும் வயிறும் இருக்காது பாருங்கள், அந்த வசதிதான். ஒரே ஒரு கட்டளை மட்டும் வந்த அன்றே போட்டுவிட்டாள். "கழுத்து மூடின சட்டையா போட்டுக்கோ. அந்த அசிங்கம் வெளிய தெரியக்கூடாது."

பாப்பா வைத்திருந்தது பச்சை குத்துகிற கடை. அவள் டாட்டூ என்பாள். மெயின் ரோட்டில் ஒரு கண் டாக்டருக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில், கண்ணாடிக் கதவு, சாய்கிற நாற்காலி, உட்கார நீள சோபா. சித்தி காலையில் போய்ப் பெருக்கித் துடைத்து, துண்டுகளை வெந்நீரில் போட்டு அலசிவிட்டு வருவாள். கடை ஆரம்பித்த காலத்தில் பாப்பா முகங்கள் வரைந்தாள். இறந்துபோன அப்பா, பிறந்த குழந்தை, நாய்க்குட்டி. நிழலும் வெளிச்சமுமாக அச்சு அசலாக இருக்கும். இரண்டு வருஷத்தில் அப்பாவும் குழந்தையும் நாய்க்குட்டியும் கலங்கி ஒரே முகமாகிவிடும். ஆட்கள் திரும்பி வந்து கத்துவார்கள்.

அப்புறம் காற்று திசை மாறியது. பழைய மாதிரிதான் வேண்டும் என்று வர ஆரம்பித்தார்கள். கப்பல்காரர்கள் கையில் இருக்குமே, அது. தடித்த கறுப்புக் கோடு, உள்ளே சிவப்பு, பச்சை, கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான். நங்கூரம், ரோஜா, பாய்மரக் கப்பல், கத்தி செருகின இதயம், அம்மா என்று எழுதின ரிப்பன். அந்தக் காலத்தில் மை இரண்டு மூன்று நிறத்தில்தான் கிடைத்தது. உப்புக் காற்றிலும் வெயிலிலும் மெல்லிய கோடு பிசிறிவிடும் என்பதால் கோட்டைத் தடிமனாகப் போட்டார்கள். சுவரில் ஒட்டின தாளைப் பார்த்து விரலால் காட்ட வேண்டியது, குத்திக்கொண்டு கப்பல் கிளம்புவதற்குள் ஓட வேண்டியது. இதையெல்லாம் பாப்பா படித்து வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தவர்களுக்குச் சொல்லுவாள். கேட்பவர்கள் வக்கீல், பல் டாக்டர், கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர்கள். படகுகூட ஏறியிருக்க மாட்டார்கள். நங்கூரத்தோடு வெளியே போவார்கள்.

சித்தி தரையைத் துடைத்துக்கொண்டே கேட்பாள். சுவரில் இருந்த ஒவ்வொன்றையும் அவள் உயிருள்ள கையில் பார்த்திருக்கிறாள். நங்கூரக்காரன் எப்படிக் குடிப்பான், கப்பல்காரன் எப்படி அழுவான், அம்மா என்று எழுதிக்கொண்டவன் எப்படி அடிப்பான் என்று அவளுக்குத் தெரியும். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

ஊரில் நாலு கடை முளைத்து நாலிலும் அதே நங்கூரம் தொங்க ஆரம்பித்தது. பாப்பாவுக்கு வேறு யாரிடமும் இல்லாத ஒன்று வேண்டியிருந்தது. அப்போதுதான் சித்திக்குக் காய்ச்சல் வந்தது.

வால் பிளந்த ஒரு குருவி, சிறகை விரித்துக் கீழே இறங்குகிறது. வாயில் ஒரு சாவி. சாவியின் தலை மூன்று வளையம். பழைய மை, நீலமாக வெளுத்திருந்தாலும் கோடு ஒன்றுகூட அறுபடவில்லை. பாப்பா அதைப் பெரிதாக வரைந்து சட்டம் போட்டு நாற்காலிக்கு எதிரே மாட்டினாள். கீழே ஒரு கதையும் எழுதினாள். யாரோ ஒரு மாலுமி, கடலுக்குப் போகும்போது மனைவியிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துப் போனானாம். எத்தனை தூரம் போனாலும் அந்தச் சாவி தன்னைத் திருப்பிக் கூட்டி வரும் என்றானாம். அவள் அதை உடம்பில் குத்திக்கொண்டாளாம். அதைப் படித்த பெண்களுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது.

பிய்த்துக்கொண்டு போயிற்று அந்தக் குருவி. முதலில் கல்லூரிப் பெண்கள். அப்புறம் அவர்களுடைய அம்மாக்கள். மருந்துக்கடைப் பெண் மணிக்கட்டில் போட்டுக்கொண்டாள், மாத்திரையை எண்ணிக் கொடுக்கும்போது குருவி மேலும் கீழும் ஆடும். பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு டீச்சரின் பின்கழுத்தில் பார்த்தபோது சித்தி இறங்கவேண்டிய நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கி நடந்தே வந்தாள். பாப்பாவும் தன் முழங்கைக்கு உள்பக்கம் ஒன்று போட்டுக்கொண்டாள்.

சித்தி அவளிடம் ஒரு தடவைதான் கேட்டாள். கடையில் யாரும் இல்லாத நேரம்.

"பாப்பா, அந்தப் படத்தக் கழட்டிடும்மா."

"ஏன் சித்தி?"

"எனக்குப் பிடிக்கல. என் உடம்புல இருக்கறது. எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

பாப்பா ஊசிப் பெட்டியை அடுக்கிக்கொண்டே சிரித்தாள். "சித்தி, அது உங்க உடம்புல இருக்கற டிசைன். உங்க டிசைன் இல்ல. யாரோ வரைஞ்சது, யாரோ குத்துனது. நீங்க சும்மா சுமந்துட்டு இருந்தீங்க, அவ்வளவுதான்."

"சும்மா இல்ல."

"அப்ப சொல்லுங்க, என்னன்னு. நல்ல கதையா இருந்தா மாத்தி எழுதிடறேன்."

சித்தி வாளியைத் தூக்கிக்கொண்டாள். வீட்டில் அக்காவும் ஒரு பாட்டம் பாடினாள். "உன் முதுகு ஒண்ணும் தேஞ்சு போயிடல. இந்த வீட்டுல சாப்பிடறே, பிள்ளைக்கு அதுல ஒரு நல்லது நடந்தா உனக்கு என்ன வயித்தெரிச்சல்?"

என்னவென்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல ஆரம்பித்தால் அக்காவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சித்திக்கு இருபது வயதானபோது அப்பா அம்மா இல்லை. அக்கா வீட்டில்தான் இருந்தாள். அக்காவின் வீட்டுக்காரர் ஒன்றும் செய்யவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். சாப்பிடும்போது பார்ப்பார், துணி உலர்த்தும்போது பார்ப்பார். அக்கா அவர் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் வெளுத்த உடையும் மெல்லிய குரலுமாக ஒரு பெண்மணி வீட்டுக்கு வந்தாள். துறைமுகத்தில் லாட்ஜ் நடத்துகிறவளாம், படுக்கை விரிப்பு துவைக்க ஆள் வேண்டுமாம், தங்க இடம், சாப்பாடு. அக்கா தங்கையின் துணியைத் தானே மடித்து வைத்தாள். "மாசக் கடைசியில வந்து பாக்கறேன்டி" என்று சொல்லி ஏற்றிவிட்டாள்.

லாட்ஜ் வாசலில் மரத்தில் செதுக்கி மஞ்சள் பெயின்ட் அடித்த பெரிய சாவி ஒன்று தொங்கும். அதுதான் போர்டு. பேர் படிக்கத் தெரியாத மாலுமிக்கும் சாவி தெரியும். முதல் மாதம் விரிப்புதான் துவைத்தாள். அப்புறம் அந்த விரிப்பின் மேல் படுக்கச் சொன்னார்கள். ஓடினாள். மீன் வண்டிக்காரன் ஒருவன் ஏற்றிக்கொண்டு போய் அடுத்த தெரு லாட்ஜில் விற்றான். சாவி லாட்ஜின் முதலாளியம்மா, அந்த மெல்லிய குரல்காரிதான், ஆள் அனுப்பித் தேடிப் பிடித்துக்கொண்டு வந்ததும், இனிமேல் பொருள் கைமாறக்கூடாது என்று கோணவாயனை வரச்சொன்னாள்.

கோணவாயன் துறைமுகத்தில் மாலுமிகளுக்குப் பச்சை குத்துகிறவன். ஊசிகளைக் கற்றையாக நூலால் கட்டிய குச்சி, இரண்டு குப்பி மை, அழுக்கேறிய படத்தாள், இவ்வளவோடு வந்தான். முதலாளியம்மா தாளில் இருந்த குருவியைக் காட்டினாள். "இது என்ன?"

"இது எத்தனை கடல் தாண்டினாலும் கரைக்குத் திரும்பிடும்னு கப்பக்காரனுங்க போட்டுக்கறது."

"இதையே போடு. வாயில என் சாவியக் குடு."

சமையலறை மேடையில் குப்புறப் படுக்கவைத்து இரண்டு பேர் பிடித்துக்கொள்ள அவன் குத்தினான். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று நிதானமாகவே குத்தினான். அந்த வீட்டில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான். அதன் பிறகு சித்தி இன்னொரு தரம் ஓடினாள். படகுக்காரன் ஏற்றுவதற்கு முன்னால் சட்டையின் கழுத்தை விலக்கிப் பார்த்தான். பார்த்துவிட்டு, கையைப் பிடித்து நடத்தி வந்து சாவி தொங்குகிற வாசலில் விட்டுவிட்டுப் போனான். அதற்கப்புறம் அவள் ஓடவில்லை. முதலாளியம்மா செத்து, லாட்ஜை இடித்து, தெருவையே கிடங்காக மாற்றினபோதுதான் வெளியே வந்தாள்.

அத்தனை வருஷமும் அவள் பிடித்துக்கொண்டு கிடந்தது ஒரே ஒரு நம்பிக்கையை. அக்காவுக்குத் தெரியாது. அந்தப் பெண்மணி அக்காவையும் ஏமாற்றிவிட்டாள். திரும்பி வந்தபோது அக்காவும் அதைத்தான் அழுதுகொண்டு சொன்னாள். "அவ குடுத்த விலாசமே பொய்டி. எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா? துறைமுகம் எந்தப் பக்கம் இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதே." முதுகில் இருப்பது என்ன, யார் குத்தியது என்று அவள் கேட்கவில்லை, சித்தியும் சொல்லவில்லை. சித்தி நம்பினாள். நம்பினதால்தான் அந்த வீட்டில் சோறு தொண்டையில் இறங்கியது.

கடை ஆரம்பித்து ஐந்து வருஷம் ஆனதை ஒட்டி பாப்பா ஒரு ஏற்பாடு செய்தாள். அம்மாவுக்குத் தன் கையாலேயே அந்தக் குருவியைக் குத்தப் போகிறாள், அதைப் போனில் லைவாகக் காட்டப் போகிறாள். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே குருவி. பக்கத்தில் அசல் குருவியோடு சித்தி. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கையின் முதுகில் இருந்தவரை அசிங்கமாக இருந்தது, மகளுடைய சுவரில் ஏறினதும் அழகாகிவிட்டது. போனில் தன் முகம் தெரியும் என்பதால் பியூட்டி பார்லருக்குப் போய் வந்தாள்.

அன்று காலையில் சித்தி ஒரு முடிவோடுதான் கிளம்பினாள். மற்ற பெண்களுக்குச் சொல்லாமல் விட்டது ஒருபக்கம் இருக்கட்டும், கூடப்பிறந்தவள் உடம்பில் அந்தச் சாவி ஏறக்கூடாது. நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் காதோடு சொல்லிவிட வேண்டும். சொன்னால் அக்கா உடைந்துபோவாள், ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். பஸ்ஸில் வரும்போது அந்த வார்த்தைகளை இரண்டு மூன்று விதமாகக் கோத்துப் பார்த்துக்கொண்டாள்.

கடையில் பூங்கொத்து, பலூன், சோபா நிறைய வாடிக்கைப் பெண்கள். போனை ஒரு கம்பியில் மாட்டியிருந்தாள் பாப்பா. அக்காவின் இடது தோளில் மரத்துப்போகிற களிம்பு தடவி, துடைத்து, வரைந்த தாளை ஒட்டி உரித்தாயிற்று. ஊதா நிறத்தில் குருவி தோளில் இறங்கியிருந்தது. சித்தி நாற்காலியை நெருங்கினாள்.

அக்கா எதிர்க் கண்ணாடியில் தன் தோளைப் பார்த்துப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தாள். கூட்டமும் போனும் அவளுக்குக் கள் குடித்த மாதிரி ஏறியிருந்தது. வாய் ஓடிற்று.

"இந்தச் சாவிய நான் எங்கயோ பாத்திருக்கேன் பாப்பா. இதே மூணு வளையம். இதைவிடப் பெருசு, மரத்துல, மஞ்சப் பெயின்ட் அடிச்சு ஒரு வாசல்ல தொங்கும். எதிர்த்தாப்புல ஒரு தையல் கடை. நல்ல மழை அன்னிக்கு, அந்தக் கடை ஓரத்துலதான் ஒதுங்கி நின்னேன்..."

அங்கே நின்றுவிட்டது பேச்சு. கண்ணாடிக்குள் அக்காவின் கண் மெல்ல நகர்ந்து, பின்னால் நின்ற தங்கையின் கண்ணில் வந்து முட்டியது. முகத்திலிருந்த பவுடருக்கு அடியில் ரத்தம் வடிந்து போவது தெரிந்தது.

சித்திக்குத் தெரியும், தையல் கடை இருந்தது. லாட்ஜுக்கு எதிரே, நேர் எதிரே இருந்தது. மழை பெய்தால் அதன் தகரம் போடுகிற சத்தம் மாடி வரைக்கும் கேட்கும்.

"எந்த ஊரும்மா அது?" என்றாள் பாப்பா, கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே.

"ஞாபகம் இல்ல." அக்கா எழுந்திருக்கப் பார்த்தாள். "பாப்பா, வேணாம்டி. எனக்கு என்னமோ பயமா இருக்கு. சர்க்கரை வேற இருக்கு. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"லைவ் போயிட்டிருக்கும்மா. எல்லாரும் பாக்கறாங்க. டாக்டர்கிட்ட கேட்டாச்சு, ஒண்ணும் ஆகாது."

"வேணாம்னா விடேன்."

"ஏம்மா வேணாம்? காரணம் சொல்லு."

அக்காவால் காரணம் சொல்ல முடியாது. அதைச் சித்தி புரிந்துகொண்ட கணத்தில், கோத்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் அவளிடமிருந்து கழன்று விழுந்துவிட்டன. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஆஸ்பத்திரித் துணி பிழிந்து உரம் ஏறின பிடி.

"பயப்படாதக்கா. நான் பிடிச்சுக்கறேன். கொஞ்ச நேரம்தான் வலிக்கும்."

சோபாவில் இருந்த பெண்கள் உருகிப்போனார்கள். ஒருத்தி கைதட்டினாள்.

"பாப்பா" என்றாள் சித்தி, "சாவிய இன்னும் கொஞ்சம் பெருசாவே போடு. அக்கா பாத்த அளவுக்கு."

மெஷின் உறுமியது. களிம்பு தோலைத்தான் மரக்கச் செய்யும். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தங்கையின் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது, கோபமும் இருந்தது. சித்தி பார்வையைத் தாழ்த்தவில்லை. கோடு முடிந்து சிவப்பு ஏற்றும்போது அக்காவின் கை துள்ளியது. சித்தி தன் இன்னொரு கையையும் கொண்டுவந்து அழுத்திக்கொண்டாள். சமையலறை மேடையில் தன்னைப் பிடித்தவர்களில் ஒருத்தி, பிடித்தபடியே ஏதோ வாசனைப் பாக்கு மென்றுகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அவள் அப்போது என்ன நினைத்திருப்பாள் என்று இத்தனை வருஷம் விளங்காமல் இருந்தது. இப்போது விளங்கியது. ஒன்றும் நினைத்திருக்க மாட்டாள்.

முடிந்தது. பாப்பா துடைத்துவிட்டு போனைச் சித்தியின் பக்கம் திருப்பினாள். மாலுமி, மனைவி, வீட்டுச் சாவி, எல்லாம் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"அசல் குருவி எங்க சித்திகிட்டதான் இருக்கு. சித்தி, இதோட கதைய நீங்களே சொல்லுங்க."

சித்தி முதலில் கழுத்துப் பொத்தானைக் கழற்றினாள். திரும்பி முதுகைக் காட்டினாள். பிறகு மறுபடி திரும்பி, பாத்திரக்காரனிடம் விலை பேசுகிற குரலில் சொன்னாள்.

"இது துறைமுகத்துல ஒரு லாட்ஜோட முத்திரை. பொம்பளைங்கள வச்சு வியாபாரம் பண்ற லாட்ஜ். மாட்டுக்கு சூடு போடற மாதிரி எங்களுக்கு இத போட்டாங்க. ஓடிப்போனா எந்த வீட்டு சரக்குன்னு தெரியறதுக்கு. மாலுமி யாரும் யாருக்கும் சாவி குடுக்கல. என்னை அங்க ஏத்தி விட்டது இதோ இருக்காங்களே, என் அக்கா. ஏமாந்துட்டாங்கன்னு இத்தனை நாள் நினைச்சுட்டு இருந்தேன். வாசல் வரைக்கும் வந்து பாத்துட்டுத்தான் போயிருக்காங்க. மழையில."

பாப்பா பாய்ந்து போனை அணைத்தாள். அதற்குள் சொல்லவேண்டியது முழுக்கச் சொல்லியாகிவிட்டது. சோபாவில் யாரும் அசையவில்லை. ஒரு பெண் மட்டும் தன் கணுக்காலைச் சேலையால் மூடிக்கொண்டாள்.

"என் கடைய அழிச்சிட்டீங்க" என்றாள் பாப்பா. "ஒரு வார்த்தை, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"கழட்டச் சொன்னேனே."

மறுநாளிலிருந்து வாசலில் கூட்டம். அழுதவர்கள், திட்டினவர்கள், புருஷனைக் கூட்டி வந்தவர்கள். கண்ணாடிக் கதவில் யாரோ கல்லெறிந்தார்கள். பாப்பா நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாமல் குருவிகளின் மேல் ரோஜாப்பூ வரைந்து மூடினாள். மருந்துக்கடைப் பெண் பாப்பாவைத் தாண்டிக்கொண்டு நேராகச் சித்தியிடம் வந்தாள்.

"தினம் எங்கிட்ட மாத்திரை வாங்குவீங்க. என் கையத்தான் பாப்பீங்க. நான்கூட, சித்திக்கு ரொம்பப் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன். ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையேம்மா" என்றாள் சித்தி. அந்தப் பெண் தன் மணிக்கட்டை மறுகையால் மூடிக்கொண்டாள். "நல்லா இருப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சித்தி அதற்குப் பிறகு மாத்திரை வாங்க அடுத்த தெருவுக்குப் போனாள்.

அக்காவின் தோள் ஆறவில்லை. சர்க்கரை உடம்பு, சீழ் வைத்தது. லேசர் வைத்து எடுக்கலாமா என்று தோல் டாக்டரைக் கேட்டார்கள். புண் ஆறி, சர்க்கரை இறங்கட்டும், அதுவும் இத்தனை தடிமனான கோட்டுக்குப் பல தடவை வரவேண்டியிருக்கும் என்று அவர் கையைக் கழுவிக்கொண்டார். கட்டு மாற்றுவதும் சித்தியின் வேலைதான். ஒரு மத்தியானம், பஞ்சைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது அக்கா வாயைத் திறந்தாள்.

"உள்ள வரணும்னுதான்டி வந்தேன்."

சித்தி பழைய பஞ்சை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"நீ மாடியில இருந்தே. மழைக்குத் துணி எடுத்துட்டு இருந்தே. உதட்டுல சாயம். எனக்கு ஒரே நிமிஷத்துல விளங்கிடுச்சு. கூப்பிடத்தான் வாயெடுத்தேன். அப்ப பாப்பா வயித்துல. உன்னைக் கூட்டிட்டுப் போனா அவர் மறுபடி பாப்பாரு. முன்னைக்கு இப்ப உன்னை இன்னும் கேவலமா பாப்பாரு. மழை விடட்டும்னு நின்னேன்."

"விட்டுச்சா?"

"விட்டுச்சு."

சித்தி மருந்தில் நனைத்த பஞ்சைக் குருவியின் மேல் வைத்து அழுத்தினாள். தேவைக்கு மேலேயே அழுத்தினாள். அக்கா சத்தம் போடவில்லை. அது சித்திக்கு ஏமாற்றமாக இருந்தது.

ஒரு மாதம் கடைக்குப் புது ஆள் யாரும் வரவில்லை. பாப்பா ரோஜா வரைந்தே இளைத்துப் போனாள். அப்புறம் வெளியூரிலிருந்து ஒரு போன் வந்தது, அப்புறம் இன்னொன்று. அந்த லைவை யாரோ பிடித்து வைத்துப் பரப்பியிருந்தார்கள். அந்தக் குருவிதான் வேண்டும் என்றார்கள். அந்தப் பெண்கள் பட்ட வேதனையை நாங்களும் சுமக்கிறோம் என்றார்கள். அசல் மாலுமிப் படம் எங்கும் கிடைக்கும், உண்மையான வலி இருக்கிற படம் எங்கே கிடைக்கும் என்று ஒரு பத்திரிகைக்காரி எழுதினாள். பாப்பா கழற்றி வைத்திருந்த சட்டத்தைத் துடைத்து மறுபடி மாட்டினாள். மாலுமிக் கதையைக் கிழித்துவிட்டாள். பிறகு வீட்டுக்கு வந்து சித்தியின் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"சித்தி, நீங்க சாயங்காலம் கடைக்கு வந்து உக்காந்தா போதும். பெருக்க வேணாம், துடைக்க வேணாம். வர்றவங்க கேப்பாங்க, நடந்ததச் சொல்லுங்க. உங்க வாயாலதான் கேக்கணும்னு சொல்றாங்க."

சித்தி யோசித்தாள். அவளை இதுவரை யாரும் வாயால் வேலை செய்யக் கேட்டதில்லை.

"வரேன். அக்காவும் வரணும். என் பக்கத்துல உக்காரணும்."

"அம்மா எதுக்கு? அவங்களுக்கு உடம்பு சரியில்லையே."

"அவ வந்தாத்தான் நான் வருவேன்."

பாப்பா உள்ளறையைத் திரும்பிப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் அக்கா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் மாட்டேன் என்று சொல்வாள் என எதிர்பார்த்து நின்றாள். மகள் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள்.

"சரி, நான் சொல்லிக் கூட்டிட்டு வரேன்" என்றாள்.

இப்படியாக இரண்டு பேரும் தினம் சாயங்காலம் அந்த நீள சோபாவில் உட்கார ஆரம்பித்தார்கள். சித்தி கழுத்து இறங்கின சட்டை போட்டுக்கொண்டாள். அக்கா சால்வையால் தோளை மூடிக்கொண்டு வந்தாள், கடைக்குள் போனதும் சித்தி அதை எடுத்து மடித்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். வருகிறவர்கள் கேட்பார்கள், சித்தி சொல்வாள். நாளாக ஆகக் கதை நன்றாக வந்தது. எங்கே நிறுத்தினால் கண்ணில் தண்ணீர் வரும் என்று தெரிந்துகொண்டாள். அதில் ஒரு ருசியும் இருந்தது, அதை அவள் தன்னிடமே மறைக்கவில்லை.

ஒரு நாள், பல்வரிசை எடுப்பான ஒரு இளம் நர்ஸ் வந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க அப்ப எங்கம்மா இருந்தீங்க?"

முதல் வாரமெல்லாம் இந்தக் கேள்விக்கு அக்கா, எனக்கு எதுவும் தெரியாது என்று முனகிக்கொண்டிருந்தாள். அன்று தங்கையின் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். சித்தி மடியில் இருந்த சால்வையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"எதிர்த்தாப்புல" என்றாள் அக்கா. "தையல் கடை ஓரத்துல."

நர்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து பாப்பாவிடம் போய், தணிந்த குரலில், "எனக்கு அதையே போடுங்க. ஆனா டியூட்டியில தெரியாத மாதிரி, சின்னதா" என்றாள். பாப்பா தாளை எடுத்தாள்.

கடை மூடும்வரை இருந்துவிட்டு இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். வழியில் காய்கறி வாங்கினார்கள். முன்பெல்லாம் பையைச் சித்திதான் தூக்குவாள். அன்று அவள் பையை நீட்டியபடி நின்றாள். அக்கா வாங்கி இடது தோளில் மாட்டப் போய், முகம் சுளித்து, வலது தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பை கனமாகத்தான் இருந்தது. சித்தி கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தாள்.